இருதய அறுவைக்குப் பின் எவ்வளவு பாரம் தூக்கலாம்?

இருதய அறுவை சிகிச்சை என்றால் பட்டணத்துக்காரர்களுக்கு உரிய வைத்தியம் என்று கிராமங்களில் கருதப்பட்ட காலம் ஒன்று உண்டு. சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் 1975-ம் ஆண்டில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவையைச் செய்தார். இன்று அந்த அறுவை பல நகரங்களில் நடைபெறுகிறது. 2012-ல் தொடங்கிய முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் வாயிலாகச் சிறு, குறு விவசாயிகளும் இச்சிகிச்சையைப் பெற்று வீடு திரும்புகின்றனர்.

வீடு திரும்பும்போது மருத்துவமனையில் கூறப்படும் அறிவுரைகளில் முக்கியமானது, "கனமான பொருளைத் தூக்காதீர்கள்" என்பதாகும். மேஜையில் அமர்ந்து எழுதுபவருக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். விவசாயிக்குப் போதாது. 75 கிலோ நெல் மூட்டையை முதுகில் ஏற்றிப் பழகியவருக்கு ஒரு குடம் தண்ணீரோ, ஒரு கூடைச் சாணமோ கனமாகவே தோன்றாது. நான்காவது வாரத்தில் நெஞ்சுவலி இல்லை, மூச்சு வாங்கவில்லை, பசியும் எடுக்கிறது. வயலில் களை மண்டிக் கிடக்கிறது, ஆளும் கிடைக்கவில்லை. "சும்மா ஒரு கை கொடுக்கிறேன்" என்று இறங்கும் நேரத்தில்தான் விபரீதம் நேருகிறது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. "இருதயத்தையே அறுத்திருக்கிறது, அசையக் கூடாது" என்று வீட்டார் நோயாளியை மூன்று மாதம் கட்டிலிலேயே கிடத்தி விடுகிறார்கள். இதனால் தசைகள் வற்றுகின்றன, தோள்கள் இறுகுகின்றன, நுரையீரலில் சளி கட்டுகிறது, கால் நரம்புகளில் ரத்தம் உறையவும் கூடும். ஆகவே பாரம் தூக்குவதும் கூடாது, படுத்தே கிடப்பதும் கூடாது. எந்த வாரத்தில் எந்த வேலை என்பதைத் தெரிந்து நடப்பதே முறையாகும்.

எலும்பு கூடும் விதம்

இருதயத்தை அடைவதற்காக, மார்பின் நடுவில் உள்ள நெஞ்செலும்பை மேலிருந்து கீழாக இரண்டாகப் பிளக்கிறார்கள். அறுவை முடிந்ததும் இரு பாதிகளையும் சேர்த்துத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியால் கட்டுகிறார்கள். மேல்தோலில் உள்ள காயம் இரண்டு மூன்று வாரங்களில் ஆறி விடும். ஆனால் உள்ளே எலும்பு ஓரளவு கூட 6 முதல் 8 வாரங்களும், நல்ல பலம் பெற ஏறத்தாழ 12 வாரங்களும் ஆகின்றன. வெளியே ஆறிய தழும்பைப் பார்த்து உள்ளே எலும்பும் கூடி விட்டது என்று முடிவு செய்யக் கூடாது.

மாவில் நெருக்கு ஒட்டு கட்டுபவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தாய்மரத்துக் கிளையையும் வேர்ச்செடியையும் சீவிச் சேர்த்துக் கட்டிய பிறகு, அவை கூடுவதற்கு இரண்டு மூன்று மாதம் ஆகிறது. அதுவரை கட்டு ஆடாமல் பார்த்துக் கொள்கிறோம். இடையில் ஆட்டினால் சீவிய பரப்புகள் விலகி ஒட்டு பிடிக்காமல் போகிறது. நெஞ்செலும்பும் அப்படியே.

"கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்களே, எப்படி விலகும்?" என்று சிலர் கேட்கலாம். பெரும்பாலும் கம்பி அறுவதில்லை; எலும்புதான் அறுபடுகிறது. மெல்லிய கம்பியை வாழைத்தண்டில் சுற்றி இழுத்தால் தண்டு அறுபடுவதுபோல், இரு பாதிகளும் எதிரெதிர்ப் பக்கம் இழுபடும்போது கம்பி எலும்பை அறுத்துக் கொண்டு உள்ளே இறங்கும். எலும்பு விலகினால் அதன் இடுக்கில் கிருமி நுழைந்து சீழ் வைக்க வாய்ப்பு உண்டு. அப்போது மீண்டும் மருத்துவமனை, மீண்டும் அறுவை. உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள், பீடி, சிகரெட் பிடிப்பவர்கள், உடல் பருத்தவர்கள், நாள்பட்ட இருமல் உள்ளவர்கள் ஆகியோருக்கு எலும்பு கூடுவதில் சிக்கல் ஏற்பட வாய்ப்பு அதிகம். இவர்கள் கூடுதல் எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும். பீடியை அறவே விட வேண்டும்.

எது கனம்?

முதல் 6 முதல் 8 வாரங்களுக்கு 4 அல்லது 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பதைப் பெரும்பாலான மருத்துவமனைகள் வரம்பாக வைத்துள்ளன. சில டாக்டர்கள் இந்த வரம்பை 12 வாரம் வரையிலும் நீட்டிப்பார்கள். 5 கிலோ என்பது எவ்வளவு என்பதைக் கையால் உணர்ந்து கொள்வது நல்லது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ எடை. 10 லிட்டர் வாளியில் பாதித் தண்ணீர் 5 கிலோ. வீட்டில் உள்ளவர் அதைத் தூக்கிப் பார்த்து, "இதுதான் எல்லை" என்று மனத்தில் குறித்துக் கொள்ளலாம்.

பண்ணையிலும் வீட்டிலும் நாம் அன்றாடம் தூக்கும் பொருள்களின் எடை வருமாறு:

யூரியா மூட்டை: 45 கிலோ.
டி.ஏ.பி. மூட்டை, பொட்டாஷ் மூட்டை: 50 கிலோ.
நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்குக் கட்டும் நெல் மூட்டை: 40 கிலோ.
அரிசிச் சிப்பம்: 25 கிலோ.
16 லிட்டர் கைத்தெளிப்பான், மருந்து நிரப்பியது: 20 கிலோவுக்கு மேல்.
நிரம்பிய சமையல் எரிவாயு சிலிண்டர்: சுமார் 30 கிலோ.
15 லிட்டர் தண்ணீர்க் குடம்: 15 கிலோவும் குடத்தின் எடையும்.
ஒரு வயதுப் பேரக்குழந்தை: சுமார் 9 கிலோ.

இவற்றில் ஒன்றுகூட 5 கிலோவுக்குள் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பேரக்குழந்தையையும் தூக்கக் கூடாது. தாத்தா நாற்காலியில் அமர்ந்திருக்க, வேறொருவர் குழந்தையைத் தூக்கி அவர் பக்கத்தில் உட்கார வைக்கலாம்.

மண்வெட்டியின் எடை 2, 3 கிலோதான். ஆகவே அதைப் பிடிக்கலாம் என்று நினைப்பது தவறு. மண்வெட்டியைத் தலைக்கு மேல் ஓங்கி இறக்கும்போதும், ஈர மண்ணை வாரி இழுக்கும்போதும் மார்பின் மீது விழும் விசை அதன் எடையைப் போலப் பல மடங்கு. கடப்பாரை, கோடரி, உலக்கை ஆகியவற்றுக்கும் இதே கணக்குதான்.

எடை மட்டும் கணக்கல்ல

மார்பின் இருபுறத்துப் பெரிய தசைகள் நெஞ்செலும்பின் இரு பாதிகளிலும் பற்றியிருக்கின்றன. மறுமுனைகள் கைகளில் இணைகின்றன. கையை அகட்டி வேலை செய்தால் அந்தந்தப் பக்கத்து எலும்பை அது இழுக்கிறது. ஒரு கை மட்டும் பளுவை இழுத்தால் ஒரு பாதி இழுபட, மறு பாதி நிற்கிறது. ஆகவே தூக்கும் எடையைப் போலவே தூக்கும் விதமும் முக்கியமாகும். கீழ்க்கண்ட விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும்.

1. வரம்புக்கு உட்பட்ட பொருளாயினும் இரண்டு கைகளாலும் சமமாகப் பிடித்துத் தூக்க வேண்டும். ஒரு கையில் வாளி, மறு கை வெறுங்கை என்று நடக்கக் கூடாது.

2. தூக்கும்போது முழங்கைகள் இரண்டும் விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். பொருளை வயிற்றோடு அணைத்தாற்போல் பிடிக்க வேண்டும். கையை நீட்டித் தூக்கக் கூடாது.

3. தரையில் உள்ள பொருளை எடுக்க இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடித்து இறங்க வேண்டும். கூடியமட்டும் பொருள்களை இடுப்பு உயரத்தில் உள்ள மேஜை அல்லது திண்ணை மீது வைத்துப் புழங்குவது நல்லது.

4. தோளுக்கு மேல் பாரத்தை உயர்த்தக் கூடாது. பரண் மேல் வைப்பது, தலைச்சுமை ஏற்றுவது, தொரட்டியால் தேங்காய், முருங்கை பறிப்பது, வைக்கோல் போரில் கட்டு எறிவது ஆகியவை கூடா.

5. மூச்சை அடக்கிக் கொண்டு எந்த வேலையும் செய்யக் கூடாது. மூச்சடக்கி முக்கும்போது மார்புக்குள் அழுத்தம் ஏறுகிறது. ரத்த அழுத்தமும் ஏறி இறங்குகிறது. பொருளைத் தூக்கும் கணத்தில் மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சடக்காமல் தூக்க முடியாத பொருள் தமக்கு உரியதல்ல என்று அறிய வேண்டும். மலச்சிக்கல் வராமலும் பார்த்துக் கொள்ள வேண்டும்.

6. திடீர் இழுப்பு உள்ள எந்த வேலையும் கூடாது. மாட்டுக் கயிற்றைப் பிடிப்பது இதில் முதன்மையானது. கயிறு எடையற்றது, ஆனால் மாடு மிரண்டு ஒருமுறை திமிறினால் அந்த இழுப்புக்கு அளவே இல்லை.

கைகளை அசைக்கவே கூடாது என்று இதற்குப் பொருள் அல்ல. பாரமில்லாமல் தலை வாருவது, சட்டை மாட்டுவது, வலியில்லாத அளவில் தோளை மெதுவாகச் சுழற்றுவது ஆகியவற்றைச் செய்யத்தான் வேண்டும். மருத்துவமனையில் இயன்முறை சிகிச்சையாளர் கற்றுத் தரும் தோள் பயிற்சிகளை விடாமல் செய்தால் தோள் இறுகாது.

எழுவதும் இருமுவதும்

முதல் வாரங்களில் கட்டிலிலிருந்து எழுவதே பெரிய வேலை. கட்டிலில் கயிறு கட்டி அதைப் பிடித்து இழுத்து எழும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. இது கூடாது. உறவினர் ஒரு கையைப் பிடித்துத் தூக்கி விடுவதும் கூடாது. முதலில் முழங்கால்களை மடித்து, உடம்பு முழுவதையும் ஒரே கட்டையாக ஒருபக்கம் புரட்ட வேண்டும். பிறகு இரு கால்களையும் கட்டிலுக்கு வெளியே தொங்க விட வேண்டும். கால்களின் கனம் கீழே இறங்கும்போது உடம்பு தானாக மேலே எழும். உதவி தேவையானால் உறவினர் முதுகுப்புறம் கை கொடுத்துத் தாங்கலாம். உட்கார்ந்த நிலையில் ஓரிரு நிமிடம் இருந்து, தலைசுற்றல் இல்லை என்று கண்ட பின் எழுந்து நிற்க வேண்டும்.

பாயில் படுத்தால் தரையில் கையூன்றித்தான் எழ நேரும். தொய்ந்த கயிற்றுக் கட்டிலிலும் அதே சிரமம். ஆகவே முழங்கால் உயரமுள்ள மரக் கட்டிலே ஏற்றது. குந்தி உட்காரும் கழிப்பறையில் எழும்போது சுவரையோ கதவையோ பிடித்து இழுக்க வேண்டியிருக்கும். மூன்று மாதத்துக்கு மட்டுமாவது நாற்காலி வகைக் கழிப்பு வசதி செய்து கொடுப்பது நல்லது.

பலமான ஓர் இருமல், 5 கிலோ எடையைத் தூக்குவதைக் காட்டிலும் அதிகமாக நெஞ்செலும்பை விரிக்க முயலும். அதற்காக இருமாமல் அடக்கக் கூடாது. சளி வெளியேறியாக வேண்டும். தலையணை ஒன்றையோ, நான்காக மடித்த துண்டையோ மார்பின் மீது வைத்து இரு கைகளாலும் அணைத்துப் பிடித்துக் கொண்டு இருமவும் தும்மவும் வேண்டும். வைக்கோல் தூசி, தூற்றும் தூசி, அடுப்புப் புகை ஆகியவை இருமலைக் கிளப்புவன. களத்தில் அடிப்பு நடக்கும் நாட்களில் தள்ளி இருப்பது நலம்.

நடையே மருந்து

இந்த மூன்று மாதங்களிலும் தாராளமாகச் செய்யத் தக்க பயிற்சி நடையாகும். வீடு வந்த முதல் வாரத்தில் 5 நிமிடம் வீதம் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை சமதரையில் நடக்கலாம். உடம்பு ஒத்துழைக்கும் அளவுக்குச் சில நாட்களுக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் கூட்டிக் கொண்டே போனால், 4 முதல் 6 வாரங்களில் ஒரே மூச்சில் 30 நிமிடம் நடக்க முடியும்.

வேகத்தை அளக்கக் கருவி தேவையில்லை. நடந்து கொண்டே பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். பேச்சு இடையில் அறுபட்டு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அறிந்து குறைக்க வேண்டும். இருதய நோய்க்குத் தரப்படும் சில மாத்திரைகள் நாடித் துடிப்பைக் குறைத்து வைப்பதால், நாடியை மட்டும் எண்ணி உழைப்பை அளப்பது சரியாகாது. பேச்சே நல்ல அளவுகோல்.

முதலில் தெருவிலோ களத்திலோ நடப்பதே நல்லது. வரப்பு வேண்டாம். வரப்பில் வழுக்கினால் கையை ஊன்றித்தான் விழுவோம். அந்த ஓர் ஊன்றலே எலும்பை விலக்கப் போதுமானது. நடை காலை வெயில் ஏறுமுன், அல்லது மாலை வெயில் தாழ்ந்த பின் இருக்க வேண்டும். சாப்பிட்டவுடன் நடக்கக் கூடாது.

வாரக் கணக்கு

முதல் 2 வாரம்: குளிப்பது, உடுத்துவது முதலிய சொந்த வேலைகள், வீட்டுக்குள்ளும் வாசலிலும் நடை. இடையிடையே ஓய்வு. பகல் முழுவதும் படுத்திருக்க வேண்டியதில்லை.

3 முதல் 6 வாரம்: நடையைக் கூட்டலாம். மேஜை உயரத்தில் அமர்ந்து செய்யும் வேலைகள் செய்யலாம். விதைக்கடலையில் சொத்தை பொறுக்குவது, காய்கறி தரம் பிரிப்பது, கூலிக் கணக்கு எழுதுவது, விதை நேர்த்திக்கு மருந்து நிறுப்பது (சூடோமோனாஸ் என்றால் கிலோ விதைக்கு 10 கிராம்) ஆகியவை ஏற்றவை. மின் மோட்டாரின் பொத்தானை அழுத்தலாம். மடை திறக்க மண்ணை வெட்டக் கூடாது.

7 முதல் 12 வாரம்: டாக்டரிடம் காட்டி, எலும்பு அசையவில்லை என்று அவர் சொன்ன பிறகே இந்தக் கட்டத்துக்குச் செல்ல வேண்டும். எடையைப் படிப்படியாகக் கூட்டுவதற்கு அவர் அனுமதிக்கும் அளவே அளவு. கையில் கோலுடன் அகன்ற வரப்பில் நடந்து பயிரைப் பார்வையிடலாம். இனக்கவர்ச்சிப் பொறியில் விழுந்த அந்துப்பூச்சிகளை எண்ணலாம். நெல் வயலில் இலை வண்ண அட்டை கொண்டு தழைச்சத்துத் தேவையைக் கணிப்பது இக்காலத்துக்கு மிகவும் பொருத்தமான வேலை. நடவு செய்த 14-ம் நாள் முதல் வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், வெயில் படாமல் உடம்பு நிழலில் 10 இலைகளை ஒப்பிட்டுப் பார்த்து, யூரியா எப்போது போடுவது என்று முடிவு செய்யலாம். வீசுவதை வேறொருவர் செய்யட்டும். கூடையை இடுப்பில் அணைத்து ஒரே கையால் வீசுவதும் மார்பெலும்பை ஒருபக்கம் இழுக்கும் வேலையே.

12 வாரத்துக்குப் பின்: டாக்டரின் அனுமதியுடன் வழக்கமான வேலைகளுக்குத் திரும்பலாம். ஆனால் ஒரே நாளில் திரும்பக் கூடாது. மூன்று மாதம் ஓய்ந்த தசை பழைய பலத்தில் இராது. முதல் வாரம் அரை மணி நேரம் களை கொத்தினால், அடுத்த வாரம் ஒரு மணி நேரம் என்று ஏற்ற வேண்டும். மூட்டை தூக்கும் வேலைக்குத் திரும்புவதற்கு முன் இருதயத்தின் தாங்கும் சக்தியைப் பரிசோதித்துக் கொள்வது அவசியம். 45, 50 கிலோ மூட்டைகளைத் தனியாளாகத் தூக்கும் பழக்கத்தை அடியோடு விட்டு, இருவராகத் தூக்குவதோ, தள்ளுவண்டியைப் பயன்படுத்துவதோ நல்லது.

வண்டி, இயந்திரம், கால்நடை

டிராக்டர், பவர் டில்லர், இருசக்கர வாகனம், சைக்கிள் ஆகியவற்றை டாக்டர் அனுமதிக்கும் வரை ஓட்டக் கூடாது. குலுக்கல் ஒரு காரணம். திடீரென்று கைப்பிடியை முறுக்க நேருவதும், கீழே விழ நேருவதும் மற்றக் காரணங்கள். டீசல் எஞ்சினுக்குக் கைப்பிடி சுற்றுவது அறவே கூடாது. பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நின்று பயணம் செய்யக் கூடாது. பிரேக் போட்டால் உடம்பின் எடை முழுவதும் ஒரு கையில் தொங்கும். இருக்கை கிடைக்கும் பேருந்துக்குக் காத்திருப்பது நல்லது.

கைத்தெளிப்பானுக்கு இரண்டு தடைகள் உண்டு. அதன் வார்கள் தோளையும் மார்பையும் அழுத்துகின்றன. ஒரு கை ஓயாமல் நெம்பு தட்டுகிறது. இத்துடன் பாஸ்பரஸ் வகைப் பூச்சிமருந்துகள் உடம்பில் சேர்ந்தால் இருதயத் துடிப்பையே பாதிக்கக் கூடியவை. தெளிக்கும் இடத்தின் அருகிலும் நிற்க வேண்டாம்.

கறவை மாட்டுக்குக் கட்டுத்தறியில் தீவனம் வைப்பதைக் கூட முதல் இரண்டு மாதம் வேறொருவரிடம் விட வேண்டும். மாடு பழகியதாக இருந்தாலும் தலையை ஒருமுறை ஆட்டினால் கொம்போ முகமோ மார்பில் படும். ஆட்டுக்கிடாவுக்கும் இதே எச்சரிக்கை உண்டு.

பெண்களுக்கு

அறுவை செய்து கொண்ட பெண்களை "வயல் வேலைதான் வேண்டாம், வீட்டு வேலை செய்யலாம்" என்று விட்டு விடுவது பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. வயல் வேலையைக் காட்டிலும் வீட்டு வேலையில் பாரம் குறைவு என்று கூற முடியாது. இடுப்பில் குடம் எடுப்பது, கிணற்றில் வாளி இழுப்பது, அடிகுழாய் அடிப்பது, ஈரத்துணி பிழிவது, சோற்றுப் பானையைக் கவிழ்த்துக் கஞ்சி வடிப்பது, சாணக் கூடை சுமப்பது, ஆட்டுக்கல்லில் அரைப்பது ஆகிய அனைத்தும் தடை செய்யப்பட்ட வேலைகளே. கறிகாய் நறுக்குவது, சிறு பாத்திரத்தில் சமைப்பது போன்றவற்றை 3, 4 வாரங்களில் தொடங்கலாம்.

மார்பகத்தின் கனம் காயத்தைக் கீழ்நோக்கி இழுக்கும். ஆகவே முன்புறம் திறக்கும், உறுத்தாத, தாங்கிப் பிடிக்கும் உள்ளாடையைப் பகலிலும் இரவிலும் அணிவதால் வலி குறைந்து காயம் நன்கு ஆறும்.

கால் காயமும் மருந்தும்

பைபாஸ் அறுவையில் பலருக்குக் காலிலிருந்து ரத்தக்குழாய் எடுத்து இருதயத்தில் பொருத்துகிறார்கள். அந்தக் காலில் சில வாரம் வீக்கம் இருக்கலாம். உட்காரும்போது காலை ஒரு முக்காலி மேல் நீட்டி வைக்க வேண்டும். காயம் முழுவதும் ஆறும் வரை சேற்றிலும் வாய்க்கால் நீரிலும் கால் வைக்கக் கூடாது.

செயற்கை வால்வு பொருத்தியவர்களில் பலர் ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட வேண்டியிருக்கும். இவர்கள் அரிவாள், கத்தி, முள் ஆகியவற்றால் காயம் படாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். காயம் பட்டால் சுத்தமான துணியால் 10 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லையானால் மருத்துவமனை செல்ல வேண்டும். பாம்புக்கடியோ, தலையில் அடியோ நேர்ந்தால் எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை முதலிலேயே டாக்டரிடம் கூற வேண்டும். மாத்திரையின் பெயரெழுதிய சீட்டு எப்போதும் சட்டைப் பையில் இருக்கட்டும். டாக்டரைக் கேட்காமல் எந்த மாத்திரையையும் நிறுத்தக் கூடாது.

சாகுபடியோடு பொருத்திக் கொள்வது

டாக்டர் உடனே அறுவை தேவை என்றால் பயிரைக் காரணம் காட்டித் தள்ளிப் போடக் கூடாது. ஆனால் சிலருக்கு நாள் குறித்துக் கொள்ள அவகாசம் கிடைக்கும். அவர்கள் அறுவை நாளிலிருந்து 12 வாரத்தை, அதாவது 84 நாளை, எண்ணிப் பார்த்து டாக்டருடன் கலந்து முடிவு செய்யலாம்.

எடுத்துக்காட்டாக, காவிரிப் பாசனப் பகுதியில் ஜூன் 15-ல் அறுவை நடந்தால் செப்டம்பர் 7-ல்தான் 12 வாரம் முடிகிறது. குறுவையின் நாற்றங்கால், நடவு, களை, மேலுரம் எல்லாம் இந்த நாட்களுக்குள் வந்து விடும். அக்டோபர் 15-ல் நடந்தால் ஜனவரி 7-ல் முடிகிறது. சம்பா நடவு முடிந்திருக்கும். அறுவடை தொடங்கும் நேரத்தில் களத்தில் நிற்கலாம், மூட்டை மட்டும் தூக்கக் கூடாது.

அவகாசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், மருத்துவமனைக்குப் புறப்படும் முன் மூன்று மாதத்து வேலைகளை எழுதி வைக்க வேண்டும். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே அதைச் செய்யப் போகிறவரின் பெயர் இருக்க வேண்டும். நெல் போடுகிறவர் அந்தப் பருவம் உளுந்து, பயறு போன்ற, உழைப்பும் தண்ணீரும் குறைவாகக் கேட்கும் பயிருக்கு மாறலாமா என்று யோசிக்கலாம். உழவு, அறுவடைக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் வாடகை இயந்திரங்களை முன்கூட்டியே பதிவு செய்யலாம். அண்டை நிலத்துக்காரரோடு கைமாற்று வேலை பேசி வைக்கலாம். உர மூட்டையை வந்த அன்றே பிரித்து 4 கிலோ அளவுள்ள சிறு பைகளாகக் கட்டி வைக்கச் சொன்னால், மூட்டையைப் பார்த்து "ஒரு கை பிடிக்கலாம்" என்ற ஆசை எழாது. கூலிக்குச் செலவாகிறதே என்று தயங்குபவர்கள், மறு அறுவை நேர்ந்தால் ஆகும் செலவையும், இழக்கும் அடுத்த பருவத்தையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும்.

தாமதிக்கக் கூடாத அறிகுறிகள்

கீழ்க்கண்டவற்றில் எது தோன்றினாலும் அறுவை செய்த மருத்துவமனைக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

1. மூச்சு விடும்போதோ திரும்பும்போதோ நெஞ்செலும்பில் "டக்" என்ற சப்தம், அல்லது எலும்பு உரசி அசைவது போன்ற உணர்ச்சி.
2. காயத்தில் நீர், சீழ் வடிதல், சிவப்பு, புதிதாகக் கூடும் வலி.
3. 100.4 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல்.
4. ஒரு நாளில் ஒரு கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் 2 கிலோவுக்கு மேலோ எடை கூடுதல். கால் வீக்கம் அதிகரித்தல். தினமும் காலையில் எடை பார்த்துக் குறிப்பது நல்லது.
5. படுத்தால் மூச்சுத் திணறல். தாறுமாறான நாடித் துடிப்பு.
6. ஒரு கால் கெண்டைச்சதையில் மட்டும் வலியும் வீக்கமும்.

நெஞ்சை அழுத்தும் வலி, மயக்கம், கடுமையான மூச்சுத் திணறல், வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் விழுதல் ஆகியவற்றுக்கு 108 ஆம்புலன்சை அழைக்க வேண்டும். தாமே வண்டி ஓட்டிச் செல்லக் கூடாது.

விலாப்பக்கத்தில் சிறு துளையிட்டு அறுவை செய்தவர்களுக்கு நெஞ்செலும்பு பிளக்கப்படுவதில்லை. அவர்களுடைய நாட்கணக்கு வேறு. ஆகவே மருத்துவமனையிலிருந்து வெளிவரும் முன் விவசாயிகள் நான்கு கேள்விகளைக் கேட்டு விடை எழுதிக் கொள்ள வேண்டும்: எத்தனை கிலோ வரை தூக்கலாம்? எத்தனை வாரம் வரை? மண்வெட்டி எப்போது பிடிக்கலாம்? டிராக்டரும் இருசக்கர வண்டியும் எப்போது ஓட்டலாம்? தாம் விவசாயி என்பதையும், தம் வேலையில் என்னென்ன தூக்க வேண்டியிருக்கிறது என்பதையும் டாக்டரிடம் விளக்கமாகச் சொன்னால்தான் அவரும் பொருத்தமான விடை தர முடியும். அந்த விடைகளை எழுதிய தாளை வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டி வைத்து, 12 வாரம் வரை வீட்டார் அனைவரும் அதன்படி நடக்க வேண்டும்.